பிச்சம்மாள் கேட்ட மன்னிப்பு

அமைச்சர் கோதண்டபாணியின் ஊர் ஆஸ்பத்திரி லட்சணத்தை நடிகை சாருலதா ஒரு விழாவில் போட்டு உடைத்துவிட்டார். "எங்க ஊருக்கே வந்து மன்னிப்பு கேட்டாத்தான் அவங்க படம் ஓடும்" என்றார் அமைச்சர். தியேட்டர்காரர்களும் பயந்து படத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஊர் மைதானத்தில் கூட்டம் கூடியது. மைக் முன்னால் சாருலதாவுக்கு அழுகைதான் வந்தது. அவருக்கு மேக்கப் போடும் பிச்சம்மாள் முன்னே வந்தாள்.

"அம்மா பேசினதுல எது தப்புன்னு ஐயாவே சொல்லிட்டா, அதுக்கு மன்னிப்பு கேட்டுடறோமுங்க."

அமைச்சர் மைக்கைப் பிடுங்கினார். "இங்க ஆறு மாசமா டாக்டரே இல்லைன்னு சொன்னாங்க!"

"எட்டு மாசம்யா!" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள். "ஆமா, எட்டு!" என்றது மைதானம்.

பிச்சம்மாள் கைகூப்பினாள். "மன்னிச்சுக்குங்க ஐயா. ரெண்டு மாசம் குறைச்சுச் சொல்லிட்டோம்."

கூட்டம் சிரித்த சிரிப்பில் அமைச்சர் தன் காரைத் தேடினார். மறுநாளே படம் ஓடியது. டாக்டர் வரத்தான் இன்னும் ஒரு வாரம் ஆனது.