டியூட்டியில் தூங்கிய குற்றம்

நகராட்சியில் பம்பு ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற காத்தமுத்துவின் பென்ஷன் கணக்கில் முதல் ஆறு வருஷத்தை விழுங்கிவிட்டார்கள். கேட்கப் போனால் கணக்கு அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எண்பத்துநாலாம் வருஷம் வரைக்கும் நீ வேலையிலேயே இல்லை. இருந்தேன்னா, கூட வேலை பார்த்தவனைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வா."

கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் செத்துப்போயிருந்தார்கள்.

காத்தமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிங்க சார். ஒரு இன்கிரிமென்ட்டும் குறையுதே, அது எதுக்குங்க?" என்றார்.

அதிகாரிக்குக் குஷி வந்துவிட்டது. "எண்பதுல டியூட்டியில தூங்கினே. அதுக்கு வெட்டினது. எங்க கண்ணுல எதுவும் தப்பாது."

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலைங்க சார்."

அதிகாரி எழுந்து நின்று உரக்கச் சொன்னார். வரிசை சிரித்தது.

காத்தமுத்து சிரிக்கவில்லை. "எண்பதுல நான் வேலையிலேயே இல்லைன்னா, டியூட்டியில எப்படிய்யா தூங்கினேன்? சம்பளத்தை வெட்டுறப்போ மட்டும் நான் இருந்தேனா?"

இப்போது வரிசை அதிகாரியைப் பார்த்துச் சிரித்தது. அவர் ஆறு வருஷத்தையும் கணக்கில் சேர்த்தார். பிறகு குழைந்தார். "வேணும்னா அந்தத் தூக்கத்தையும் அடிச்சிடவா?"

"தொடாதே. ஆறு வருஷம் ஊருக்குத் தண்ணி விட்டதை ஒருத்தனும் எழுதி வைக்கலை. ஒரு நாள் தூங்கினதை எழுதி வச்சீங்க. எனக்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான்."