உச்சிக்குப் போகாத வெயிலுமுத்து

ஒரே ஒரு ஊரு. அந்த ஊருல எந்த வாசல்ல நின்னு அண்ணாந்து பார்த்தாலும் ஒரு மலை தெரியும். மேகமுட்டின்னு பேரு. பேருக்கேத்த மாதிரி அதோட உச்சி என்னைக்கும் மேகத்துக்குள்ளதான் கிடக்கும். எங்கெங்கிருந்தோ சனங்க அதைப் பார்க்க வரும், அடிவாரத்துல நின்னு கும்பிட்டுட்டுப் போயிரும். மேல ஏற யாருக்கும் தைரியம் கிடையாது. தேனெடுக்கப் போன சங்கிலின்னு ஒருத்தன் ஏறுனான், ஏறுனவன் திரும்பி வரவேயில்ல.

அந்த ஊருலதான் வெயிலுமுத்து இருந்தான். நல்ல வாட்டசாட்டமான ஆளு. கெட்டவன்லாம் இல்ல, மக்கா. நாலு பேரு தன்னைத் திரும்பிப் பார்க்கணும்னு ஒரு ஆசை, அவ்வளவுதான். ஒரு நாள் சந்தையில பேச்சுவாக்குல, "மேகமுட்டி என்ன பெரிய மேகமுட்டி, நான் ஏறிட்டு வாரேன் பாருங்க"ன்னு சொல்லிட்டான். சொன்னதும் சந்தையே அவனைத் தூக்கிருச்சு. மாலை போட்டாங்க, அவலும் வெல்லமும் மூட்டை கட்டிக் குடுத்தாங்க, கொட்டடிச்சு அடிவாரம் வரைக்கும் கொண்டுபோய் விட்டாங்க.

அப்புறம் அவன் ஏறுனான். பாறையில ஏறுனான், மூங்கில் காட்டுல ஏறுனான், அட்டை கடிக்கக் கடிக்கச் சோலைக்குள்ள ஏறுனான். சோலை முடிஞ்சதும் மேகம் வந்து மூடிருச்சு. தன் கையே தனக்குத் தெரியல. காத்து ஆளைப் பிடிச்சுத் தள்ளுது. அங்க ஒரு குகை இருந்துச்சு, அதுக்குள்ள போய் உக்காந்தான். நாளைக்கு ஏறுவோம்னான். மறுநாளும் நாளைக்குன்னான். அவல் தீர்ந்துச்சு, இறங்கிட்டான்.

இறங்கும்போது, "என்னால முடியல, பாதியில திரும்பிட்டேன்"னு சொல்லத்தான் நினைச்சான். நிசமாத்தான் நினைச்சான். ஆனா அவன் தலை தெரிஞ்சதுமே கொட்டுச் சத்தம், குலவைச் சத்தம். கிழவிங்களெல்லாம் ஓடிவந்து அவன் கால்ல விழுந்தாங்க. "உச்சியை மிதிச்ச காலு, உச்சியை மிதிச்ச காலு"ன்னு தண்ணி ஊத்திக் கழுவி, அந்தத் தண்ணியைத் தலையில தெளிச்சுக்கிட்டாங்க. அவன் வாயே திறக்கல. அதுதான் அவன் சொன்ன முதப் பொய்.

ஏன்டி, பேசாம இருந்தா பொய்யாகுமான்னா கேக்குற? ஆகும், படு.

அப்புறம் ஊர்த்தலைவர் வந்தாரு. "மேல என்னப்பா இருக்கு?"ன்னு கேட்டாரு. ஒண்ணும் தெரியாதுன்னு எப்படிச் சொல்லுவான்? "ஒரு சுனை இருக்குங்க, அதுல தாமரை பூத்திருக்கு"ன்னான். அப்புறம் ராசா ஆளனுப்பிக் கூப்பிட்டாரு. "மேல என்ன இருக்கு?"ன்னு கேட்டாரு. "சுனை இருக்கு மகாராசா, தாமரை பூத்திருக்கு, கையை நீட்டுனா வானம் தட்டுது"ன்னான். ராசா ஒரு பட்டுச்சால்வை போத்திவிட்டாரு.

அப்புறம் மூணாவதா ஒருத்தி வந்தா. ஆவுடை. தேனெடுக்கப் போய்த் திரும்பாத சங்கிலியோட பொஞ்சாதி. தாலியைக் கழட்டாம, பூவும் வைக்காம, இருக்காரா இல்லையான்னு தெரியாம வருசக்கணக்கா அல்லாடிக்கிட்டுக் கிடந்தவ. அவ ஊரெல்லாம் போகட்டும்னு காத்திருந்து, வெயிலுமுத்து வாசல்ல வந்து நின்னா.

"அண்ணாச்சி, மேல எங்க வீட்டு ஆளைப் பார்த்தியளா?"

அவ கண்ணைப் பார்த்தான். இல்லைன்னு சொல்ல நாக்கு வரல. பாவமாவும் இருந்துச்சு, பவுசு போயிருமேன்னு பயமாவும் இருந்துச்சு. எது கூட, எது குறைச்சல்னு அவனுக்கே தெரியல.

"பார்த்தேன் ஆவுடை. சுனைக்கரையில கண்ணை மூடித் தவத்துல இருக்கான்."

"என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாகளா? அன்னைக்குக் கிளம்பும்போது வாய்க்கு வந்தபடி ஏசிப்பிட்டேன் அண்ணாச்சி. கஞ்சிகூடக் குடிக்காமப் போயிட்டாக. கோவமாத்தான் இருக்காகளா?"

"கோவமெல்லாம் இல்லைன்னு சொல்லச் சொன்னான்."

அம்புட்டுத்தான். ஆவுடை அங்கனயே உக்காந்துட்டா. சிரிச்சா, அழுதா, மறுபடி சிரிச்சா. வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிச்சா, பூ வச்சா, அடுப்பைப் பத்தவச்சுக் கருப்பட்டிப் பணியாரம் சுட்டா. விடிஞ்சதும் மூட்டையைத் தூக்கிட்டு வெயிலுமுத்து வாசலுக்கே வந்துட்டா. பின்னாடி ஊரே வந்துருச்சு.

"வழி தெரிஞ்சவுக நீங்க ஒருத்தர்தான். என்னைக் கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி."

வெயிலுமுத்து சாக்குத் தேட ஆரம்பிச்சான்.

"மேல குளிரு கொன்னுரும் ஆவுடை."

"கம்பளி எடுத்திருக்கேன்."

"அட்டை கிடக்கும்."

"உப்பு முடிஞ்சு வச்சிருக்கேன்."

"யானை வரும்."

"அதுகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க முன்னால நடங்க."

ஊரு சிரிச்சுச்சு, கொட்டடிச்சுச்சு. அவன் நடந்தான். வேற என்ன செய்வான்?

பாறையில ஏறும்போது சொல்லிரலாம்னு வாயெடுத்தான். "ஆவுடை, வந்து…"ன்னான். அவ, "உங்க புண்ணியத்துல அண்ணாச்சி"ன்னா. வாயை மூடிக்கிட்டான். மூங்கில் காட்டுல, "ஆவுடை, நான் ஒண்ணு…"ன்னான். "இந்த மூட்டையை முகர்ந்து பாருங்க, பணியாரம் ஊசலையே?"ன்னு கேட்டா. சோலைக்குள்ள, "ஆவுடை…"ன்னான். அவ கால்ல அட்டை கடிச்சு ரத்தம் ஒழுகிட்டு இருந்துச்சு, அதைக் குனிஞ்சுகூடப் பார்க்காம ஏறிட்டு இருந்தா.

குகையில தங்கி விடியக் கிளம்புனாங்க. அதுக்கு மேல அவனுக்கும் வழி தெரியாது. ஒரு இடத்துல மலை ரெண்டாப் பிரியுது. "எந்தப் பக்கம் அண்ணாச்சி?"ன்னு கேட்டா. அவனுக்கு மொகமெல்லாம் எரிஞ்சுது. குருட்டாம்போக்குல ஒரு பக்கம் கையைக் காட்டினான். காத்து தள்ளுது, கால் வழுக்குது, புல்லைப் பிடிச்சு ஏறுறாங்க. அவன் உச்சிக்கு ஏறணும்னு ஏறல, அவ விழுந்துரக் கூடாதுன்னு ஏறுனான். அப்படியே ஏறிட்டாங்க. திடீர்னு பார்த்தா ஏற இடமே இல்ல. உச்சி வந்துருச்சு.

என்ன இருந்துச்சா? ஒண்ணுமில்ல, கண்ணு. மேகம் கொஞ்சம் விலகுனப்போ பார்த்தா ஒரு மொட்டைப் பாறை. கொஞ்சம் புல்லு. காத்து. சுனையுமில்ல, தாமரையுமில்ல.

ஆவுடை சுத்திச் சுத்திப் பார்த்தா. பாறைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தா, இந்தப் பக்கம் போய்ப் பார்த்தா. அந்தக் காலத்துல புருசன் பேரைப் பொம்பளைங்க வாயால சொல்ல மாட்டாங்க. கல்யாணம் ஆன நாளா அவளும் சொன்னதில்ல. அன்னைக்குக் கூப்பிட்டா.

"சங்கிலீ…!"

காத்து அள்ளிட்டுப் போயிருச்சு.

"ஏ சங்கிலீ…!"

பதிலில்ல.

"சங்கிலீ, நான் ஆவுடை வந்திருக்கேன்…!"

அப்புறம் மெள்ள வெயிலுமுத்து பக்கம் திரும்புனா. திரும்பி என்ன கேட்டா தெரியுமா? "ஏமாத்திட்டியா பாவி"ன்னா கேட்டா? இல்லயே. "இடம் மாறிப் போயிட்டாக போல, இல்லையா அண்ணாச்சி?"ன்னு கேட்டா. அப்பவும் அவனைத்தான் நம்புனா.

வெயிலுமுத்து அப்படியே பாறையில குப்புற விழுந்தான். அவ மொகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாம, பாறையைப் பார்த்துச் சொன்னான். "நான் இங்க வந்ததே இல்ல தாயி. அந்தக் குகையோட திரும்பிட்டேன். சுனையும் பொய், தாமரையும் பொய். சங்கிலியை நான் பார்க்கவேயில்ல."

ஆவுடை அவன் பக்கத்துல உக்காந்தா.

"கோவமில்லைன்னு சொன்னாகன்னீங்களே?"

அவன் மொகத்தைப் பாறையில இன்னும் அழுத்திக்கிட்டான்.

"அதுவுமா?"

"அதுவும்தான் தாயி."

அவ அடிக்கல, ஏசல. அடிச்சிருந்தா அவனுக்கு ஆறியிருக்கும். மூட்டையை அவிழ்த்துப் பணியாரத்தைப் பாறை மேல வச்சா. கழுத்துல கிடந்ததைக் கழட்டி அதுக்குப் பக்கத்துல வச்சா. அத்தனை வருசமா அடக்கி வச்சிருந்த அழுகையை அழுதா. அழுது முடிச்சுட்டு, அவன் பசிச்ச மொகத்தைப் பார்த்து ஒரு பணியாரத்தை எடுத்து நீட்டினா. அவன் வாங்குனான். அதை முழுங்க அவன் பட்ட பாடு அந்த மலைக்குத்தான் தெரியும்.

கீழ இறங்குனதும் கொட்டுச் சத்தம் கேட்டுச்சு. இந்தத் தடவை அவன் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். அத்தனை சனத்துக்கு நடுவுல நின்னு எல்லாத்தையும் சொன்னான். கால் கழுவுன கிழவி காறித் துப்புனா. அப்புறம் நேரா அரமனைக்குப் போனான், ராசாகிட்டயும் சொன்னான். ராசா, "இவன் தலையை வாங்குங்கடா"ன்னு குதிச்சாரு.

கூடவே வந்திருந்த ஆவுடைதான் குறுக்க வந்தா. "இவரு செத்துட்டா எனக்கென்ன கிடைக்கும் மகாராசா? இருக்கட்டும். இனிமே யாரு மலையேற வந்தாலும் இவருதான் கூட்டிட்டுப் போகணும். மேல என்ன இருக்குன்னு கேப்பாங்க. உள்ளதை மட்டும் சொல்லணும். உனக்கெப்படித் தெரியும்னு கேட்டா, எங்கிட்டச் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொல்லணும்."

சரின்னுட்டாரு ராசா. அன்னையிலிருந்து அதுதான் அவன் பொழைப்பு. மேகமுட்டிக்குத் துணையோட போகலாம்னு தெரிஞ்சதும் சனங்க கூட்டங்கூட்டமா வந்துச்சு. வந்தவங்களுக்கெல்லாம் அடிவாரத்துல நின்னு தான் செஞ்சதைச் சொல்லுவான். சில பேரு சிரிப்பாங்க, சில பேரு ஏசுவாங்க, சொல்லிச் சொல்லிப் பழகிரும்னு அவன் நினைச்சான். பழகவேயில்ல. தலை நரைச்ச பிறகும், ஆவுடை பேரைச் சொல்ற இடம் வந்தா அவன் தலை தொங்கிரும்.

ஆவுடை அவன்கூடப் பேசுனாளான்னா கேக்குற? பேசுனாளே. எங்க பார்த்தாலும், "நல்லாருக்கியளா அண்ணாச்சி?"ன்னு பழையபடிதான் கேப்பா. அதுக்குப் பயந்துதான் அவன் சாகுற வரைக்கும் அவ தெருவுல நடந்ததில்ல.

அதனால மக்கா, பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்லாதீங்க. கேக்குறவங்க அதை நம்பி மலையேறிருவாங்க. போதும், கதை அடிவாரத்துக்கு வந்துருச்சு, நீங்களும் காலை நீட்டிப் படுங்க.