கருங்காலித் தூணின் காது

தச்சன் கரிநூலைப் பிடித்துச் சபை மண்டபத்துக் கருங்காலித் தூணில் கோடு போட்டுவிட்டான். இனி ரம்பம் வைக்க வேண்டியதுதான். பின்னால் நின்ற வேணுவனப் பண்டிதருக்கு மனம் குளிர்ந்தது. வருகிற நவராத்திரி முடிவதற்குள் அவருடைய மைத்துனன் சபை வீணை வித்வான் ஆகிவிடுவான்.

முன்னொரு காலத்தில் பூவலூரை ஆண்ட உத்தமவர்மர் என்ற ராஜாவுக்குத் தன் குரல்மேல் அபார நம்பிக்கை. சபை கூடியதும் ஒரு பாட்டைப் பாடிவிட்டுத்தான் வழக்குகளை விசாரிப்பார். வழக்கோடு வந்தவர்களில் பலர் பாட்டு முடிவதற்குள்ளேயே சமாதானமாகிப் போய்விடுவார்கள். விஜயதசமிக் கச்சேரிக்காக அவருடைய சபைக்குப் புது வீணை தேவைப்பட்டபோது, அங்கே வீணை வாசிக்கும் அஞ்சுகம் பலாக்கட்டை கேட்டாள். பண்டிதர் குறுக்கே புகுந்தார். கோயிலருகே வளர்ந்த பலாவுக்கு நாதம் அதிகம் என்று எல்லோரும் சொல்வது எதனால்? அது மணியோசையைக் கேட்டு வளர்ந்ததனால். மரம் கேட்டதைத்தான் வீணை பாடும். அப்படியிருக்க, மகாராஜாவின் குரலையே கேட்டு நிற்கும் சபைத் தூணை விட்டுவிட்டு, காக்கை கரைவதைக் கேட்ட பலா எதற்கு?

ராஜா உருகிப்போனார். கருங்காலி இரும்பு மாதிரி, நாதத்தை வெளியே விடாது, காய்ந்த பலாதான் பேசும் என்று அஞ்சுகம் சொல்லிப் பார்த்தாள். வீணை பேசாவிட்டால் குறை அவள் விரலில்தான், அவள் ஊரைவிட்டே போய்விடலாம் என்று உத்தரவாயிற்று. பண்டிதருக்கு வேண்டியதும் அதுதான்.

அமைச்சர் தாண்டவராயர், ரம்பத்தைக் கண்டதும் எழுந்தார்.

"பண்டிதர் சொன்னது ரொம்பச் சரி, மகாராஜா. தூண்தான் மாறிவிட்டது. இது வாசல் தூண். காவலாளிகளின் கொட்டாவியைத்தான் கேட்டிருக்கும். பண்டிதர் சாய்ந்து உட்காரும் தூணே பொருத்தம்."

பண்டிதர் பணிவாகத் தலை குனிந்தார். தச்சன் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான்.

"ஒரே ஒரு சங்கதி," என்றார் அமைச்சர். "மரத்துக்குப் பிரித்துக் கேட்கத் தெரியாது. மகாராஜா வேட்டைக்குப் போன நாட்களில் அங்கே பேசியதையும் சேர்த்தே பாடும். விஜயதசமியன்று ஊரே கேட்கும்."

ராஜாவின் முகம் மலர்ந்தது. "அதுவும் நல்லதுதான். நான் இல்லாதபோது என்ன பேசுகிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஆவல்."

பண்டிதர் தாம் சாயும் தூணைத் திரும்பிப் பார்த்தார். ராஜா பாடுவது சேற்றில் மாட்டிய எருமை கன்றைக் கூப்பிடுவது போலிருக்கிறது என்று அந்தத் தூணில் சாய்ந்தபடிதான் ஒருநாள் சொல்லியிருந்தார். கூப்பிட்டும் காட்டியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அடக்கமாகச் சிரித்தவர் தாண்டவராயர். மரம் கேட்காது என்று பண்டிதருக்குத் தெரியும். ஆனால் ராஜா கேட்பாரே. கருங்காலி வீணையில் ஏதாவது ஒரு தந்தி அப்படி முனகாமலா இருக்கும்?

வெட்டிப்போட்ட மரத்துக்குக் காது அடைத்துவிடும் என்று ஆரம்பித்தார். அப்படியானால் பண்டிதர் வீட்டுக் கொல்லையில் உயிரோடு ஒரு மரம் நிற்கிறதே என்றார் அமைச்சர். கொல்லையில் பேசியது இதைவிட மோசம்.

"மரம் எதையும் கேட்காது, மகாராஜா," என்றார் பண்டிதர்.

"பிறகு பலா எப்படிப் பாடுகிறது?" என்று கேட்டார் ராஜா.

பண்டிதர் அஞ்சுகத்தைப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்தாள். வழியில்லாமல் அவள் சொன்னதையெல்லாம் ஒப்பித்தார். பலா கனம் குறைந்தது, நன்றாகக் காய்ந்துவிட்டால் விரலை மடக்கித் தட்டினாலே பதில் சொல்லும், தந்தியின் அதிர்வை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். கருங்காலி வாங்கும், கொடுக்காது.

"ஓய், இவ்வளவும் தெரிந்துகொண்டா என் மண்டபத்தை இடிக்கப் பார்த்தீர்?"

அமைச்சருக்குச் சால்வை கிடைத்தது. பண்டிதருக்கு, ஊர் ஊராகப் போய்க் காய்ந்த பலாக்கட்டைகளைத் தட்டிப் பார்க்கும் உத்தியோகம் கிடைத்தது. அஞ்சுகம் தலையாட்டும்வரை அவர் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

விஜயதசமியன்று பலா வீணையின் நாதம் மண்டபத்தை நிறைத்தது. வீங்கிய விரல்களை மேல்துண்டுக்குள் மறைத்துக்கொண்டு பண்டிதர் ஓரமாக நின்றார். ராஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தொடையில் தாளம் போட்டபடி தானும் பாட ஆரம்பித்தார். குரல் வீணையின் சுருதிக்குச் சற்றுக் கீழேயே நின்றது.

அஞ்சுகம் சபையைப் பார்த்துப் புன்னகைத்தபடியே, இடது கையை நீட்டி, தந்தி முறுக்கும் பிரடைகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தினாள்.