காய் வெந்த தண்ணீர்

முன்னொரு காலத்தில், அதாவது போன வருஷம், கோவில்பட்டி செண்பகவல்லியின் கைப்பேசிக்குள் ஒரு வலைப்பூ குடியிருந்தது. அதன் பெயர் ‘அளவாச் சமைப்போம்’. சிறுநீரகம் பழுதானவர்கள் வீட்டில் என்ன சமைக்கலாம், எப்படிச் சமைக்கலாம் என்று சொல்வதுதான் அதன் வேலை. மற்றபடி அது யார் வம்புக்கும் போகாது.

செண்பகவல்லியின் கணவர் தாமோதரனுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில், ஆஸ்பத்திரியில் சொன்ன ‘கூடாது’களையெல்லாம் கேட்டுவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதவள் அவள். உப்பு கூடாது, தக்காளி கூடாது, கீரை கூடாது, உருளைக்கிழங்கு கூடாது. பிறகு எதைத்தான் வைப்பது? உணவு ஆலோசகரை நச்சரித்து நச்சரித்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். கிழங்கைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சிறுநீரக நோயாளிக்கு ஆகாத பொட்டாசியம் குறையும் என்று தெரிந்துகொண்ட அன்று, தாமோதரன் தட்டில் நீண்ட நாளைக்குப் பிறகு கொஞ்சம் உருளைக்கிழங்குப் பொரியல் விழுந்தது.

“இன்னிக்குத்தான்டி மனுசன் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருக்கு” என்றார் அவர்.

அன்றைக்கே வலைப்பூவைத் தொடங்கினாள். “என்னைய மாதிரி எத்தனை பேரு அடுப்படில உக்காந்து அழுதுக்கிட்டு இருக்காங்களோ. அவங்க கைக்கு இது போய்ச் சேரணும்” என்று வாய்விட்டுச் சொன்னாள். வலைப்பூ அதை மனசில் முடிந்துவைத்துக்கொண்டது.

ஆனால் கூட்டம் வரவில்லை. தினமும் யாரோ ஒருவர் வந்து போனதாக எண்ணிக்கை காட்டும். அது நாமாகத்தான் இருக்கும் என்று செண்பகவல்லி விட்டுவிட்டாள்.

அப்போதுதான் ‘லைக்’ போடுகிற அந்தக் கட்டைவிரல் வந்து சேர்ந்தது. நீல நிறம், நிமிர்ந்த நடை, ஊரில் எல்லாரையும் தெரியும் என்கிற தோரணை. வந்ததும் வராததுமாக வலைப்பூவை ஏற இறங்கப் பார்த்தது.

“இப்படி மூலையில உக்காந்திருந்தா யாரு உன்னைச் சீண்டுவா? எங்க குழுவுல சேரு. எல்லாரும் எழுதுற ஆளுங்கதான். அவங்க வந்து உனக்கு ‘அருமை’ன்னு போடுவாங்க. நீ போய் அவங்களுக்கு ‘அருமை’ன்னு போடணும். கல்யாண வீட்டு மொய் மாதிரின்னு வச்சுக்கயேன்.”

“வர்றவங்க படிப்பாங்களா?” என்று கேட்டது வலைப்பூ.

“படிக்கிறதா? அதுக்கு யாருக்கு நேரம்? கூட்டம் நிக்கிற கடைக்குத்தான் இன்னும் கூட்டம் வரும். முதல்ல ஆளைக் காட்டணும். தினமும் ஒண்ணு போடணும். கடைசியில ஒரு டிப்ஸ் கட்டம் வேணும், அப்பத்தான் நாலு பேரு அதை எடுத்துப் பகிருவாங்க.”

“எனக்கு வேண்டியது நாலு பேரு இல்ல. அழுதுக்கிட்டு இருக்கிறவங்க.”

“அவங்களும் கூட்டத்தோட கூட்டமா வருவாங்க, போ.”

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், வலைப்பூ பேசினால் செண்பகவல்லிக்குக் கேட்காது. கட்டைவிரல் பேசினால் ‘டிங்’ என்று கேட்கும். கேட்கிற பக்கம்தானே மனுஷி திரும்புவாள்? குழுவில் சேர்ந்தாள்.

கட்டைவிரல் சொன்னதில் பொய்யில்லை. கூட்டம் வந்தது. ‘அருமை தோழி’, ‘சூப்பர் சகோ’, ‘நாவில் நீர் ஊறுது’ என்று பின்னூட்டப் பெட்டி நிரம்பி வழிந்தது. செண்பகவல்லிக்கும் முகமெல்லாம் பல். இவ்வளவு பேருக்குப் போய்ச் சேருகிறதே, இனி விடக்கூடாது என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். காலையில் எழுந்ததும் அடுத்தவர் பக்கங்களுக்குப் போய் ‘அருமை’ போடுவாள். அது முடிந்து மிச்சமிருக்கும் அவசரத்தில் தன் பதிவை எழுதுவாள்.

கட்டைவிரல் சொல்லி இன்னொரு ஏற்பாடும் செய்தாள். குழு ஆட்களின் பின்னூட்டம் நேராக உள்ளே வரலாம். புது முகம் வந்தால், செண்பகவல்லி பார்த்துச் ‘சரி’ என்று சொல்லும்வரை பின்னூட்டப் பெட்டி அதை வாசலிலேயே நிறுத்திவைக்கும். “தெரியாத ஆளுங்கதான் கோணல்மாணலாக் கேள்வி கேப்பாங்க” என்று கட்டைவிரல் காரணமும் சொன்னது.

ஒருநாள் காலை உருளைக்கிழங்குப் பொரியலையே மறுபடி எழுதினாள். கிழங்கை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டச் சொல்லி எல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டாள். டிப்ஸ் கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. ‘டிங்’ என்று கட்டைவிரல் அவசரப்படுத்தியது. சமையல் பக்கங்களில் திரும்பிய இடமெல்லாம் கிடக்கிற ஒரு குறிப்பை எடுத்து அங்கே ஒட்டினாள்: ‘காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். சத்தெல்லாம் அதில்தான். ரசத்தில் சேர்த்துவிடுங்கள்.’

“எழுதினதைப் படிச்சுப் பாத்தியா?” என்று கூடத்திலிருந்து தாமோதரன் கேட்டார்.

“அதுக்கெல்லாம் நேரமில்லீங்க. இன்னும் பாதிப் பேருக்குப் பதில் அருமை போடல” என்றாள்.

வலைப்பூவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோயாளி குடிக்கவே கூடாத தண்ணீர் அது. அதையா ரசத்தில் ஊற்றச் சொல்கிறது என் வாய்? “தப்பு, தப்பு” என்று கத்தியது. யாருக்குக் கேட்கும்? அதற்குள் பின்னூட்டங்கள் வந்து விழுந்தன. ‘அருமை.’ ‘அருமை.’ ‘பயனுள்ள டிப்ஸ் தோழி.’ ‘இன்றே செய்து பார்க்கிறேன்.’

அந்தக் கூச்சலுக்கு நடுவே வாசலில் ஒரு புது முகம் வந்து நின்றது. பின்னூட்டப் பெட்டி வழக்கம்போல் குறுக்கே கையை நீட்டி நிறுத்தியது. வலைப்பூ எட்டிப் படித்தது.

‘அம்மா, மேலே தண்ணியைக் கொட்டச் சொல்றீங்க. கீழே ரசத்துல ஊத்தச் சொல்றீங்க. எதைக் கேக்குறது? கிழங்கு வெந்துடுச்சு. தண்ணியைத் தனியா எடுத்து மூடி வச்சிருக்கேன். மத்தியானத்துக்குள்ள சொன்னா நல்லது. என் வீட்டுக்காரிக்கு டயாலிசிஸ் நடக்குது. அப்துல் கனி, அறந்தாங்கி.’ கீழே தொலைபேசி எண்ணும் இருந்தது.

“இவரை உடனே உள்ள விடு” என்றது வலைப்பூ.

“அந்தம்மா வந்து சரின்னு சொல்லணும். ஏற்பாடு அப்படி” என்றது பின்னூட்டப் பெட்டி.

கட்டைவிரல் சிரித்தது. “இவரு என்னைக்காவது என்னைத் தொட்டிருக்காரா? இல்லையே. அப்ப வாசகர்னே சொல்ல முடியாது.”

“மேலயும் கீழயும் படிச்சவரு இவரு ஒருத்தருதான்! நீ கூட்டிவந்த கூட்டத்துல ஒரு ஆளு படிச்சிருந்தா, இந்நேரம் கேட்டிருக்க மாட்டாங்களா?”

“உனக்கு வாய் கூடிப்போச்சு. நாளைக்கே உன்னை அழிச்சுட்டு அந்தம்மாவை வெறும் வீடியோ போடச் சொல்லிருவேன், பாத்துக்க.”

“அழி. ஆனா இன்னிக்கு நான் நகரமாட்டேன்” என்றது வலைப்பூ.

சொன்னபடியே செய்தது. அடுத்த நாள் பதிவாகச் சுரைக்காய்க் கூட்டை இப்போதே ஏற்றிவைக்கலாம் என்று வந்த செண்பகவல்லி ‘வெளியிடு’ என்பதை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். கட்டைவிரல் ‘டிங், டிங்’ என்று அதட்டியது. வலைப்பூ அதன் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு பல்லைக் கடித்தபடி அப்படியே நின்றது.

“என்ன சனியன் பிடிச்சுது இதுக்கு?” என்று அலுத்துக்கொண்டு அங்கே இங்கே தடவினாள். அப்போதுதான் ‘அனுமதிக்காகக் காத்திருப்பவை’ கண்ணில் பட்டது. திறந்தாள்.

படித்தாள். ஓடிப்போய்த் தன் பதிவைப் படித்தாள். அவள் எழுதியதை அவளே படித்தது எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான்.

“என்னங்க, நான் மோசம் பண்ணிட்டேன்” என்று கூவியபடியே அந்த எண்ணை அழைத்தாள். மறுமுனை வேறு ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தது. மறுபடி அழைத்தாள். அதே பதில்தான். மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“அழைச்சுக்கிட்டே இருக்காத. முதல்ல பக்கத்துல மாத்து. அந்த மனுசன் அங்கதான பாப்பாரு” என்றார் தாமோதரன்.

டிப்ஸ் கட்டத்தைப் பிய்த்தெறிந்தாள். பக்கத்தின் உச்சியில், பெரிய எழுத்தில் எழுதினாள்: ‘நான் தப்பாக எழுதிவிட்டேன். காய் வெந்த தண்ணீரை ரசத்தில் சேர்க்காதீர்கள். கொட்டிவிடுங்கள். படித்துப் பார்க்காமல் போட்டது என் குற்றம்.’ இந்தத் தடவை வட்டம் சுற்றவே இல்லை. வலைப்பூ அதை வாங்கி ஒரே பாய்ச்சலில் வெளியே போட்டது.

உடனே ‘டிங்’ என்றது. ஆவலோடு பார்த்தாள்.

‘அருமை தோழி.’

அடுத்தது. ‘சூப்பர் சகோ, தொடருங்கள்.’

அதற்கடுத்தது. ‘பயனுள்ள டிப்ஸ், இன்றே செய்து பார்க்கிறேன்.’

செண்பகவல்லி அந்த மூன்று வரிகளையும் மறுபடி படித்தாள். பிறகு குழுவுக்குள் போய், ‘வெளியேறு’ என்பதை அழுத்தினாள். வாசலில் போட்டிருந்த தடையையும் எடுத்துவிட்டாள்.

“பைத்தியமா உனக்கு?” என்று கட்டைவிரல் கத்தியது. “நாளைக்கு ஈ, காக்கா வராது.”

அதன் ‘டிங்’ சத்தத்தையும் அணைத்தாள். கட்டைவிரல் தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பிப்போனது.

அடுப்படி அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் தொலைபேசி மணி அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

“அம்மா, அறந்தாங்கி அப்துல் கனி பேசுறேன்.”

“அண்ணே! அந்தத் தண்ணி?”

“கொட்டிட்டேம்மா. நீங்க மாத்தி எழுதினதைப் பாத்ததும் கொட்டிட்டேன். என் வீட்டுக்காரி மும்தாஜ் என்ன சொன்னா தெரியுமா? ‘அந்தம்மா எழுதினா சரியாத்தான் இருக்கும், நீங்க ஊத்துங்க’ன்னா. எனக்குத்தான் மனசு ஒப்பல.”

“மன்னிச்சிருங்கண்ணே. நீங்க எவ்வளவு நாளா இதைப் படிக்கிறீங்க?”

“முதல் நாள்ல இருந்தேம்மா. தினம் பாத்துட்டுத்தான் அடுப்பைப் பத்த வைப்பேன்.”

“ஒரு வார்த்தை எழுதினதே இல்லையே?”

“நீங்க சொன்னதெல்லாம் சரியா இருந்துச்சு, செஞ்சோம், சாப்பிட்டோம். எழுத என்ன இருக்கு?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “நான் எத்தனை தடவை அழைச்சேன், லைன் கிடைக்கவே இல்லையேண்ணே.”

“எப்படிம்மா கிடைக்கும்? நீங்க எழுதுறதைத்தானே எங்க ஊரு டயாலிசிஸ் வார்டுல நான் எல்லாருக்கும் படிச்சுக் காட்டுறேன். ஒவ்வொரு வீட்டுக்கா போனைப் போட்டு, முதல்ல தண்ணியை ஊத்தாம வைக்கச் சொன்னேன், நீங்க மாத்தினதும் கொட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன்.”