நாய் தலையைச் சாய்த்துக் கேட்பது எதனால்

அந்தக் காலத்தில் ஆடும் நாயும் காக்கையும் மனிதரோடு வாய் திறந்து பேசும். பேசின என்பதால் ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் புரிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. குழப்பம் இன்றைக்கு இருக்கிற அளவு அன்றைக்கும் இருந்தது.

நாய்கள் அப்போதுதான் காட்டை விட்டு மனிதரிடம் வரத் தொடங்கியிருந்தன. யாராவது கூப்பிட்டால் தலையை நிமிர்த்தி, இரண்டு காதையும் முன்னால் விறைத்துக்கொண்டு நேராகப் பார்க்கும். பிறகு வரும், அல்லது வராது. தலையைச் சாய்க்கிற பழக்கம் எந்த நாய்க்கும் கிடையாது.

ஆற்றோரத்தில் ஒச்சாயி என்ற பெண்ணும் அவள் தம்பி தவசியும் செம்மறி ஆடு மேய்த்து வந்தார்கள். தாய் தகப்பன் விட்டுப்போன மந்தை அது. ஒரு கோடையில் செவலை நிறத்தில் ஒரு பெட்டை நாய் அவர்கள் பட்டிக்குப் பக்கத்தில் வந்து படுத்தது. விலா எலும்பு வெளியே தெரிந்தது.

"ஆட்டை நான் பாத்துக்கிறேன். வயித்துக்கு ஏதாவது குடுங்க" என்றது.

ஒச்சாயி கம்பங்களியில் ஓர் உருண்டை பிடித்துப் போட்டாள். அப்படித்தான் செவலை அவர்களிடம் சேர்ந்தது.

காட்டு நாய்க்கு மந்தை வேலை எதுவும் தெரியாது. ஆட்டைக் கடிக்காமல் திருப்ப வேண்டும், குட்டிகளை விரட்டி விளையாடக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக, கூப்பிட்டால் வர வேண்டும். கூப்பிட அவர்கள் ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். "வா."

ஒச்சாயி "வா" என்பாள். செவலை போனால் களியோ, கருவாட்டுத் துண்டோ கிடைக்கும். காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டு, "வந்துட்டியாடி என் தாயி" என்பாள். செவலை ஏதாவது தப்புச் செய்தால் அந்த இடத்திலேயே எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். கொஞ்ச நேரம் பேச மாட்டாள். செவலைக்கு அது தாங்காது.

தவசியும் "வா" என்பான். செவலை போகும். முதுகில் கம்பு விழும்.

முதல் தடவை அடி விழுந்தபோது செவலை கேட்டது. "எதுக்கு அண்ணே அடிச்சீங்க?"

"காலையில குட்டியைத் துரத்துனியே."

"எந்தக் குட்டி?"

அது உண்மையாகவே கேட்டது. நாய்க்குக் காலையில் நடந்தது மதியத்துக்குள் கரைந்துபோகும். அதற்குத் தங்குவது அந்த நேரமும் அதில் பட்ட வலியும்தான். அந்த நேரத்தில் அது செய்தது ஒன்றே ஒன்று, அவன் கூப்பிட்டதும் வந்தது. தவசிக்கு இது தெரியாது. பொய் சொல்கிறது என்று நினைத்து இன்னொரு அடி போட்டான். கூப்பிட்டால் வருவது தப்பு போலிருக்கிறது என்று செவலை நினைத்துக்கொண்டது. ஆனால் அக்கா கூப்பிடும்போது வந்தால் தப்பில்லையே. அதுதான் அதற்கு விளங்கவில்லை.

தவசி கெட்டவன் இல்லை. நொண்டி ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலில் நடப்பான். ஆனால் பயம் இல்லாமல் எந்த உயிரும் படியாது என்று அவன் நம்பினான். அவனும் அப்படித்தான் வளர்ந்தான்.

"தீனி காட்டி நாயைக் கெடுக்கிற அக்கா" என்றான் ஒருநாள். "தீனி இல்லாத அன்னைக்கு அது வருமா?"

"வரும். எங்கிட்ட வந்தா நல்லதுதான் நடக்கும்னு அதுக்குத் தெரியும்" என்றாள் ஒச்சாயி. "உன் கையில கம்பு இல்லாத அன்னைக்கு உங்கிட்ட வருமா?"

தவசி கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆடுகளைப் பார்க்கப் போனான். கம்பு இல்லாமல் அவன் இருந்த நாளே இல்லை.

செவலை யோசித்து யோசித்துக் களைத்துப்போய்க் கிடாயிடம் கேட்டது. "வான்னு சொன்னா போகணுமா, கூடாதா?"

"நான் யார் கூப்பிட்டாலும் போறதில்ல. இழுத்துக்கிட்டுத்தான் போவாங்க" என்றது கிடாய். "எனக்கு ஒரு குழப்பமும் கிடையாது."

காக்கைதான் உருப்படியாக ஒன்று சொன்னது. "சொல்லுல என்ன இருக்கு? கையைப் பாரு. தீனி இருந்தா போ. கம்பு இருந்தா ஓடு."

இது எளிதாக இருந்தது. அன்றிலிருந்து செவலை கையைப் பார்த்தது. அக்காவின் கையைப் பார்த்ததும் பாய்ந்து போனது. தவசியின் கையைப் பார்த்ததும் முள் புதருக்குள் நுழைந்தது. சில மாதம் நன்றாகவே போயிற்று.

பிறகு ஒருநாள் சாயங்காலம் நரி வந்தது. மந்தையின் மேற்குப் பக்கத்தில் தவசி கம்பை ஊன்றி உட்கார்ந்திருந்தான். நரி அவனுக்குப் பின்னால் இருந்த ஓடையில் பதுங்கியது. செவலைக்கு வாடை வந்தது. ஓடிப் போக வேண்டும். ஆனால் போகிற வழியில் கம்பு இருந்தது. குரல் கொடுக்கக்கூடத் தோன்றாமல் அது ஒரு காலை எடுத்து வைத்தது, பின்வாங்கியது, மறுபடி எடுத்து வைத்தது. அதற்குள் நரி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

அது தவசி தோளில் தூக்கி வளர்த்த குட்டி. அவன் அழுதான். அழுது முடித்ததும் கோபம் வந்தது. செவலையைக் கூப்பிட்டான். வரவில்லை. மறுநாள் கூப்பிட்டான். புதரிலிருந்து கண் மட்டும் தெரிந்தது. அது எதைப் பார்க்கிறது என்று அவன் கவனித்துவிட்டான். அது தன் கையைப் பார்க்கிறது.

அன்றுதான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். அக்காவின் சட்டியிலிருந்து ஒரு களி உருண்டை எடுத்தான். ஒரு கையில் அதை நீட்டினான். மற்றக் கையைக் கம்போடு முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். அக்கா பேசுகிற மாதிரியே குரலைக் குழைத்து, "வா தாயி" என்றான்.

செவலை கையைப் பார்த்தது. தீனி இருந்தது. வந்தது. களியில் வாய் வைத்தபோது கம்பு முதுகில் இறங்கியது.

அதன் பிறகு செவலை யாரிடமும் வரவில்லை. ஓடியும் போகவில்லை. மந்தை நகர்ந்தால் தூரத்தில் தானும் நகர்ந்தது. மந்தை படுத்தால் தானும் படுத்தது. ஒச்சாயி களியை நீட்டிக் கூப்பிட்டபோது அது உடம்பு நடுங்கி, நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டது.

"நான் என்னடி பண்ணுனேன் உன்னை?"

"நீங்க ஒண்ணும் பண்ணல அக்கா. அந்தக் களியைப் பாத்தா முதுகு வலிக்குது. ஏன்னு தெரியல."

ஒச்சாயிக்கு ஏன் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. தம்பியிடம் போய், "என் களியைக் காட்டியா அடிச்ச?" என்று கேட்டாள். அவன் தலை குனிந்து நின்றான். அவள் சண்டை போடவில்லை. தினமும் ஓர் உருண்டையைச் செவலைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள். அவள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அது தின்றது.

ஐப்பசியில் ஆற்றின் நடுவே இருந்த மணல்திட்டில் கோரைப்புல் தழைத்திருந்தது. தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடியது. தவசி மந்தையைத் திட்டுக்கு ஓட்டிப் போனான். செவலை வழக்கம்போல் விலகியே வந்து, திட்டின் கடைசி முனையில் படுத்தது. ஒச்சாயி கரையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். மலைப் பக்கம் மழை கொட்டியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

மதியத்தில் தண்ணீர் கலங்கி வந்தது. சற்று நேரத்தில் முழங்கால் வரை ஏறியது. ஆடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. முன்னால் போய் இழுத்தால் பின்னால் இருப்பவை வராது. பின்னால் நின்று விரட்டினால் முன்னால் இருப்பவை இரண்டு பக்கமும் சிதறும். நாய் பின்னால் நின்று திருப்ப வேண்டும், மனிதன் முன்னால் இறங்க வேண்டும். வேறு வழி கிடையாது.

"வா" என்று தவசி கத்தினான். செவலை எழுந்து நின்று கம்பைப் பார்த்தது. அவன் கம்பை ஆற்றில் வீசினான். கம்பு மிதந்து போய்விட்டது. செவலை அப்போதும் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் இன்னொன்று இருக்கலாம். அவன் மடியிலிருந்த களியை எடுத்து நீட்டினான். செவலை இரண்டடி பின்னால் போனது. காக்கை சொன்ன எதுவும் இப்போது உதவவில்லை. தீனி கையும் அடித்திருக்கிறது. வெறும் கை என்ன செய்யும் என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

கரையிலிருந்து ஒச்சாயியும் "வா, வா" என்று கத்தினாள். தம்பியைக் கூப்பிட்டாளா, ஆட்டைக் கூப்பிட்டாளா, நாயைக் கூப்பிட்டாளா, அவளுக்கே தெரியாது.

இரண்டு பக்கமும் அதே சொல். செவலை கையைப் பார்ப்பதை விட்டுவிட்டது. தண்ணீர் இரைச்சலில் எதுவும் தெளிவாக விழவில்லை. அது தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரு காதை மேலே தூக்கிக் கரைப் பக்கம் கேட்டது. பிறகு மறு பக்கம் சாய்த்துத் தவசியைக் கேட்டது. சொல்லைக் கேட்கவில்லை. சொல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டது.

தவசியின் குரலில் கோபம் இல்லை. குழைவும் இல்லை. அது நடுங்கியது. புதருக்குள் படுத்திருந்தபோது தன் வயிற்றுக்குள் நடுங்கியது போலவே நடுங்கியது.

அண்ணனுக்கும் பயமா என்று செவலைக்கு ஆச்சரியமாக இருந்தது. பயந்தவன் அடிப்பானா மாட்டானா என்பது அதற்குத் தெரியாது. தெரியாமலேயே போனது. அவனைத் தாண்டி ஓடி, மந்தையின் பின்னால் நின்று குரைத்தது. ஆடுகள் திரும்பின. தவசி கிடாயின் கொம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். கிழட்டு ஆடு ஒன்றை வெள்ளம் கொண்டுபோனது. மற்றவையெல்லாம் கரையேறின. செவலை கடைசியாக, மூக்கு மட்டும் தெரிய நீந்தி வந்தது.

தவசி அதைத் தடவிக் கொடுக்கக் கையைத் தூக்கினான். செவலை வயிறு மண்ணில் படப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

தூக்கிய கையை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மெல்லக் கீழே இறக்கினான். சற்றுத் தள்ளிப் போய், வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டான். "இனிமே கூப்பிட்டா அடிக்க மாட்டேன்" என்றான். செவலை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. நம்புவதா வேண்டாமா என்று அதற்குத் தெரியவில்லை.

தவசி சொன்னபடி நடந்தான். அவன் வெறும் கையோடு இருக்கப் பழக நெடுநாள் ஆயிற்று. கூப்பிடுவான். செவலை வந்தால் களி கொடுப்பான். வராவிட்டால் விட்டுவிடுவான். வரவர அது வந்தது. கடைசியில் அவன் காலடியிலேயே படுக்கவும் செய்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும், வருவதற்கு முன்னால் தலையைச் சாய்த்து ஒரு காதைத் தூக்கிக் கேட்கும். பிறகுதான் வரும்.

"இன்னும் என்னடி சந்தேகம்?" என்று கேட்டான் ஒருநாள். அப்போது அவனுக்குத் தலை நரைத்திருந்தது.

"சந்தேகம்னு இல்ல அண்ணே. கழுத்து தானா சாயுது."

செவலையின் குட்டிகள் தாயைப் பார்த்து அப்படியே செய்தன. அந்தக் குட்டிகளை ஒருவரும் ஒருநாளும் அடித்ததில்லை. இருந்தும் செய்தன. பிறகு எந்தக் காலத்திலோ விலங்குகளிடமிருந்து பேச்சு போய்விட்டது. சாய்கிற தலை மட்டும் போகவில்லை.

அன்றைக்கு அந்த ஆற்றில் தொடங்கியதுதான், இன்றும் நாம் கூப்பிட்டதும் நாய் தலையை ஒரு பக்கம் சாய்ப்பது. நாம் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அது நம் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.