அணிலின் கடலையும் சிலந்தியின் முடிச்சும்

வாயுள்ள உயிரெல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அணிலைப் போல நிதானமான பிராணி வேறு கிடையாது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். புளியமரக் கிளையில் சாய்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு கடலையை அரைப் பகல் மென்றுகொண்டிருக்கும். மழைக்காலத்துக்கென்று கடலையும் வேப்பங்கொட்டையும் தோப்பு முழுக்கப் புதைத்து வைத்திருக்கும். எது எங்கே இருக்கிறது என்பது அதற்கு அத்துப்படி.

அதே மரத்தில் ஒரு சிலந்தி குடியிருந்தது. கெட்டிக்காரச் சிலந்திதான். ஆனால் தன்னைப் பற்றி அது வைத்திருந்த எண்ணம் அதைவிடப் பெரியது. அப்போதெல்லாம் வலை என்பது பூச்சி பிடிப்பதற்கு அல்ல, ஞாபகம் வைத்துக்கொள்வதற்கு. பார்த்ததையும் கேட்டதையும் சிலந்தி ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு, ஒன்றையொன்று நூலால் இணைத்து வைத்திருந்தது. நூலை இழுத்தால் அதோடு சேர்ந்த முடிச்சுகள் ஆடும். ஆடும் முடிச்சைத் தொட்டால் சேதி தெரியும்.

அணிலுக்குக் குட்டிகள் பிறந்திருந்த நேரம். சிலந்தி கீழே இறங்கி வந்தது.

“ஏன் தங்கச்சி, புள்ளைங்களையும் பாத்துக்கிட்டு இத்தனையையும் மண்டையில சுமக்கணுமா? என் வலையில போட்டு வச்சுடு. வேணுங்கிறப்ப இழு, வந்து நிக்கும்” என்றது.

அணில் சரியென்றது. யார்தான் மாட்டேன் என்பார்கள்? அதற்குப் பிறகுதான் சட்டதிட்டங்கள் வந்தன. கடலைக்கு இடது பக்கம் திருகிய முடிச்சு. கொட்டைக்கு வலது பக்கம். பருந்து வரும் இடத்துக்கு இரட்டை முடிச்சு. எதைப் போட்டாலும் கடைசியில் ஒரு சுருக்குப் போட்டு மூட வேண்டும்.

“புதைக்கிற நேரத்தைவிட முடிச்சுப் போடுற நேரம்தான் அதிகமா இருக்கு அண்ணே” என்றது அணில்.

“பழகிட்டா சரியாயிடும்.”

பழகியதும் சிலந்தி முடிச்சை மாற்றியது. “இடது முடிச்சு இனிமே செல்லாது. அதைவிட அழகா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்.”

“அப்ப நான் ஏற்கெனவே போட்டதெல்லாம்?”

“அதுபாட்டுக்கு மாறிக்கும்.”

எங்கே மாறியது? பாதி மாறியது, பாதி அப்படியே தொங்கியது. அணில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரும்பப் போட்டது. முதன்முதலாக அதன் வால் படபடவென்று துடித்தது அன்றைக்குத்தான். இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. வலையில்தான் இருக்கிறதே என்று, இடங்களை மனசில் வைத்துக்கொள்வதை அணில் விட்டுவிட்டது.

மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. குட்டிகள் பசியில் கத்தின. அணில் ஓடி வந்து கடலை நூலை இழுத்தது. வலை முழுவதும் ஆடியது. எந்த முடிச்சைத் தொட்டாலும் பருந்து, பருந்து என்றே வந்தது.

சிலந்தி நிதானமாகச் சுற்றிப் பார்த்தது. “ஒரு பருந்து முடிச்சுல சுருக்கை மூடாம விட்டுட்ட தங்கச்சி. அதுக்கப்புறம் நீ போட்டதெல்லாம் அதுக்குள்ளேயே போயிடுச்சு. இப்ப வலை சொல்றபடி பாத்தா தோப்பு முழுக்கப் பருந்துதான்.”

“மூடலைன்னா அப்பவே சொல்லக் கூடாதா?”

“வலை சொல்லாது. நாமதான் பாத்துப் போடணும்.”

அணிலுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “என் நூலை எங்கிட்ட குடுத்துடு. கூட்டுக்கு எடுத்துட்டுப் போயி நானே பிரிச்சுக்கறேன்” என்று வலையில் கையை வைத்து இழுத்தது. நூல் அறுந்து விரலோடு ஒட்டிக்கொண்டு ஓர் அழுக்கு உருண்டையானது. தொட்டுப் பார்த்தால் கடலையும் இல்லை, பருந்தும் இல்லை.

“என் வலையை விட்டு வெளிய வந்தா அது வெறும் எச்சில்தான்” என்றது சிலந்தி. “இரு, பதறாத. எல்லாத்தையும் உள்ள வாங்கி, ஒழுங்கு பண்ணி, திரும்பப் பின்னிக் குடுத்துடறேன்.”

வேண்டாம் என்று அணில் சொல்லி முடிப்பதற்குள் சிலந்தி ஓரத்திலிருந்து ஆரம்பித்து வலை முழுவதையும் விழுங்கிவிட்டது.

பிறகு பின்னியது. அப்படி ஓர் அழகான வலையை அந்தத் தோப்பு அதுவரை பார்த்ததில்லை. வண்டிச் சக்கரம் போல வட்டம், ஆரம் எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தன. அணில் ஒரு நூலை இழுத்தது. இன்னொன்றை இழுத்தது. அதில் ஒரு முடிச்சுகூட இல்லை.

அணில் மழைக்குள் பாய்ந்தது. இங்கே தோண்டியது, இல்லை. அங்கே ஓடித் தோண்டியது, அங்கும் இல்லை. தோப்பு முழுக்கப் பருந்து என்று வலை சொன்னது காதிலேயே இருந்ததால், நாலடி ஓடியதும் சட்டென்று நின்று மேலே பார்த்தது. மறுபடி ஓடியது. கடைசியில் மோப்பம் பிடித்துக் கொஞ்சம் கடலையைக் கண்டெடுத்துக் கூட்டுக்கு வந்தபோது, மூத்த குட்டிகள் எழுந்து வாங்கித் தின்றன. கடைக்குட்டி எழுந்திருக்கவில்லை. அணில் அதன் வாயருகே ஒரு பருப்பைக் கடித்து வைத்துவிட்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் அது அப்படி உட்கார்ந்திருந்தது அதுதான் கடைசி.

மறுநாள் சிலந்தி மேலேயிருந்து கூப்பிட்டது. “தங்கச்சி, நேத்து ஏதோ தப்பாயிடுச்சு. திரும்பப் பின்னியிருக்கேன். ஒரே ஒரு தடவை இழுத்துப் பாரேன்.” அணில் காதில் வாங்காமல் அடுத்த மரத்துக்குத் தாவியது.

அன்று முதல்தான் அணில் எதையும் யாரிடமும் ஒப்படைக்காமல், வால் துடிக்க ஓடி, நின்று, பார்த்து, மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது. சிலந்தியும் அன்று முதல்தான் தன் வலையைத் தானே தின்று, விழுங்கிய முடிச்சுகள் இந்தத் தடவையாவது வருமா என்று நாள்தோறும் புதிதாகப் பின்னி, நடுவில் உட்கார்ந்து நூல்மேல் காலை வைத்துக் காத்திருக்கிறது. நூல் அசையும்போதெல்லாம் அணில்தான் வந்துவிட்டது என்று ஓடிப் போய்ப் பார்க்கிறது. சிக்கியிருப்பது ஓர் ஈ.