ஐந்து எர்த்

"இரைச்சல் போகலியேம்மா" என்றார் தணிகாசலம்.

மெகருன்னிசா சால்டரிங் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆம்பூரில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவள். அவளுக்கு வயது முப்பத்திரண்டு, அவருக்கு அறுபத்தாறு. ஆனாலும் ஆறு மாதமாக அவர்தான் சீடர்.

"ரெக்கார்ட் பிளேயருக்கு எர்த் ஒயர் கொடுத்தீங்களா சார்?"

"ஒண்ணா ரெண்டா? அஞ்சு கொடுத்திருக்கேன்."

ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று. தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று. ஜன்னல் கம்பிக்கு ஒன்று. பீரோவுக்கு ஒன்று, ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஐந்தாவதற்காகத் தோட்டத்தில் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, செப்புக் கம்பி இறக்கியிருந்தார். அந்தக் குழிக்குத் தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர். பக்கத்தில் நின்ற கறிவேப்பிலைச் செடிக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

"என் வீட்டம்மா காது போய்க்கிட்டே இருக்கும்மா. தணிஞ்ச சத்தமெல்லாம் இப்பவே கேக்கறதில்ல. இருக்கற காதும் இந்த வருஷம் தாண்டாதுன்னுட்டார் டாக்டர். அதுக்குள்ள அவளுக்குப் பிடிச்ச வீணை இசைத்தட்டை ஒரு தடவையாவது சுத்தமா கேக்க வச்சுடணும்."



மெகருன்னிசா கம்பியைக் கீழே வைத்தாள்.

"அம்மா எங்க உக்காந்து கேப்பாங்க?"

"ஜன்னல் ஓரம், நாற்காலில."

"நீங்க?"

"நான் எங்க உக்கார்றது? பின்னாடி ஒயரோட மல்லுக்கட்டிக்கிட்டிருப்பேன்."

அவள் கடையைப் பூட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினாள்.

அவர் வீட்டில் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. வீணைக்கு அடியில் ம்ம்ம் என்று ஒரே இரைச்சல். அவர் மனைவி புனிதவதி ஜன்னல் ஓரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

மெகருன்னிசா குழாய் ஒயரைப் பிடுங்கினாள். ஜன்னல் ஒயரைப் பிடுங்கினாள். பீரோ ஒயரையும் பிடுங்கினாள்.

இரைச்சல் குறைந்தது. போகவில்லை.

அவள் கை தோட்டத்து ஒயருக்குப் போனது.

"அது வேணாம்மா! அதுக்குத்தானே நான் தினமும்..."

பிடுங்கிவிட்டாள்.

வீணை மட்டும் மிஞ்சியது.

"ஆம்ப்ளிஃபயருக்குப் போற அந்த ஒண்ணு போதும் சார். மத்ததெல்லாம் போட்டுத்தான் இரைச்சலே."

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியிடம் ஓடினார்.

"புனிதா! போச்சு, கேட்டியா?" என்று உரக்கக் கத்தினார்.

"என்ன போச்சு?"

"இரைச்சல்!"

புனிதவதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கதான் இரைச்சல் இரைச்சல்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. எனக்கு முதல்லேருந்தே வீணை மட்டும்தான் கேக்குது."

"ஆறு மாசமா ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? அந்தப் பெட்டிக்குப் பின்னாடியேதான இருந்தீங்க."



மெகருன்னிசா பிடுங்கிய ஒயர்களைச் சுருட்டினாள். கூடத்திலிருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்து ஜன்னல் ஓரம் போட்டாள். முள்ளை எடுத்துத் தட்டின் தொடக்கத்தில் வைத்தாள்.

"உக்காருங்க சார்" என்றாள்.